ஸ்பிட்ஃபயர் பானெட்டில் தொலைந்த கோடு: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மூட்டை மீட்பது எப்படி

டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் முதல் மூன்று மாடல்களை அடையாளம் காண லாக் புக்கைத் தேட வேண்டாம். பானெட்டின் மேல் கையை ஓட்டினால் போதும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கிளம்பி, மட்கார்டின் முகட்டோடு ஓடி, முன்கண்ணாடிப் பக்கம் வந்து முடியும் ஒரு மேடான கோடு விரலில் இடறும். பக்கத்துக்கு ஒன்று. பானெட்டின் நடுத்தகடும் மட்கார்டும் சேரும் மூட்டு அது. அதன்மேல் பீடிங் என்ற மெல்லிய பட்டை கவிழ்ந்திருக்கும். 1970-ல் மார்க் 4 வந்தபோது பானெட்டைத் திருத்தி வரைந்தார் அதன் வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி. கோடு போய்விட்டது.

நான் வாங்கியது 1968-ல் செய்த மார்க் 3. அதில் அந்தக் கோடு இருந்திருக்க வேண்டும், இல்லை. பானெட் முழுதும் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. விற்றவர் அதைப் பெருமையாகவே காட்டினார். எனக்கும் அன்றைக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, சிவப்பு நிறத்தில் மயங்கியிருந்தேன். ஒரு குளிர்காலம் கழிந்ததும் இடது மட்கார்டின் முகட்டில் தலைமுடி கிடப்பது போல ஒரு கீறல் தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், பெயிண்ட் செதிலாக வந்தது. கீறல் ஓடிய இடம் கோடு இருந்திருக்க வேண்டிய அதே இடம். யாரோ கிரைண்டரால் மூட்டை வழித்து, பட்டி போட்டு மூடி, பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.

அந்த மூட்டை நான் எப்படித் திரும்பக் கொண்டுவந்தேன் என்பதுதான் இது. உங்களிடம் இருப்பது வேறு காராக இருக்கலாம். வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் இதேதான்.

என் கைக்கு இந்த வேலை எப்படிப் பழக்கம் என்று ஒரு வார்த்தை. அப்பாவுக்குப் புதுப்பேட்டையில் டிங்கர் ஷெட். எழுபதுகளில் அங்கே வாரத்துக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டாவது வந்து நிற்கும். ஹெரால்ட் பிறந்த கதையே மூட்டுகளின் கதைதான். டிரையம்ப்பின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் பி.எம்.சி. என்ற இன்னொரு கார் கம்பெனி வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனியை நம்பி முழு பாடிக்கு ஆர்டர் கொடுக்க முடியாது. அதனால் தனி சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கும் பாடி என்று 1959-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். அப்படித் துண்டாகக் கழற்ற முடிந்த கார், பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றவும் தோதாக இருந்தது. மதராஸில் 1961 முதல் அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள். நாலு கதவு ஹெரால்ட் நம் ஊரில் மட்டும்தான் உண்டு. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் பாடியை வைத்ததுதான் 1962-ன் ஸ்பிட்ஃபயர். நான் இப்போது இருப்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். ஸ்பிட்ஃபயர் உருண்டு வந்த கேன்லி தொழிற்சாலை இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தொழிற்சாலை இல்லை, ஹெரால்ட் அவென்யூ என்று ஒரு தெருப் பெயர் மட்டும் மிச்சம்.

சரி, மூட்டுக்கு வருவோம்.

இரண்டு தகடுகளின் ஓரத்தையும் மேல்நோக்கி மடித்து, முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி, வரிசையாக ஸ்பாட் வெல்டிங் பொட்டு வைத்திருப்பார்கள். அந்த மடிந்த ஓரத்தை நான் உதடு என்றே சொல்கிறேன். உதடு ஏன் வெளியே நிற்கிறது? ஸ்பாட் வெல்டிங் கருவிக்கு இரண்டு கை. தகட்டின் இரு பக்கமும் அவை போய்ப் பிடித்தால்தான் பொட்டு விழும். உதடு வெளியே நின்றால் கை சுலபமாகப் போகும், வேலை சீக்கிரம் முடியும், அப்புறம் ஒரு பீடிங்கைக் கவிழ்த்துவிட்டால் மறைந்துவிடும். உள்ளே மடித்து, ஈயம் ஊற்றி, அரம் போட்டு வழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள் நிற்க வேண்டும். விலை மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு அது கட்டாது. காசை மிச்சம் பிடித்த இடம் என்றாலும் எனக்கு அந்தக் கோடு பிடிக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்கார்டுக்குப் புருவம் வரைந்த மாதிரி இருக்கும்.

பெரிய இடத்துக் கார்களிலும் இதே தந்திரம் உண்டு. இதே கோவென்ட்ரியில் செய்த ஜாகுவார் ஈ-டைப், 1961 மார்ச்சில் ஜெனீவாவில் உலகத்தையே வாய்பிளக்க வைத்த கார், அதன் நீளமான பானெட்டிலும் நடுத்தகடும் மட்கார்டும் சேரும் இடத்தில் பீடிங்தான். பின்பக்க பாடியின் மூட்டுகளில் மட்டும் ஈயம் போட்டு வழித்திருப்பார்கள். ஆக, எந்த மூட்டு தெரிய வேண்டும், எந்த மூட்டு தெரியக்கூடாது என்பது அந்தந்தக் காரின் கணக்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிரைண்டரை எடுக்கக் கூடாது.

முதலில் பார்ப்பது

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும். பெயிண்டில் கோடு விழாமல் மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். மூட்டு ஓட வேண்டிய பாதையில் மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் ‘டக்’ என்று பிடிக்கும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் கை தளர்ந்துவிடும். என் காரில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குக் காந்தம் நிற்கவேயில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஈயம் இருந்தாலும் காந்தம் பிடிக்காது, ஆனால் ஸ்பிட்ஃபயரில் அந்த இடத்தில் ஈயத்துக்கு வேலை இல்லை.

பிறகு பானெட்டைத் திறந்து, அடியில் டார்ச் அடியுங்கள். மேலே பெயிண்ட் பொய் சொல்லும், அடிப்பக்கம் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. ஸ்பிட்ஃபயரில் இது ஒரு வரம்: முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடுவதால், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு மட்கார்டின் உட்புறத்தைப் பார்க்கலாம். கிரைண்டர் ஆழமாகப் போன இடத்தில், இரண்டு தகடுகளுக்கு நடுவில் பட்டி சாம்பல் நிறத்தில் அடியில் பிதுங்கியிருக்கும். துரு வேலை செய்த இடத்தில் மூட்டு நேராக இல்லாமல் முறுக்கின் ஓரம் போல அலை அலையாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். பொட்டு வைத்த இடத்தில் தகடுகள் பிரியாது, நடுவில் துரு முக்கி முக்கி அவற்றைப் பிரித்துவிடும். பொட்டு, பிளவு, பொட்டு, பிளவு என்று வரிசையாகத் தெரிந்தால் உள்ளே நிலைமை மோசம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே மழை, கீழே டயர் வீசியடிக்கும் சேறு. குளிர்காலத்தில் இந்த ஊர்ச் சாலைகளில் உப்பு போடுவார்கள், அதுவும் சேறோடு ஏறும். ஒட்டி நிற்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தானே ஏறிக்கொள்ளும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அந்த இடுக்குக்குள் போனதேயில்லை.

பானெட்டைக் கழற்றும் முன்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்தது: மூட்டைத் தொடுவதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். பானெட்டின் பின்விளிம்பு கதவுக்கும் டேஷ் பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டு உட்காருகிறது என்பதுதான் உங்கள் அளவுகோல். கதவே தொங்கிக்கொண்டிருந்தால் அந்த அளவுகோல் பொய். ஸ்பிட்ஃபயரில் ஹெரால்டைப் போல இல்லாமல் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பெட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. சில் அழுகினால் பாடி நடுவில் முறிந்த மாதிரி தாழும், கதவின் மேல் இடைவெளி நெருங்கும், கீழே அகலும். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் சில் வேலையை முடியுங்கள். அதையும் பாடி சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் நிலையில், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தை முட்டுக் கொடுத்தே செய்ய வேண்டும்.

கதவு சரியாக இருந்தால் பானெட்டை மூடி, இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் மாட்டி, சுற்றிலும் இடைவெளியை அளந்து மாஸ்கிங் டேப்பின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நான் கை அகலத்துக்கு ஓர் அளவு எடுத்தேன். போட்டோ எடுங்கள். அட்டையை வெட்டி மட்கார்டின் முகட்டு வளைவுக்கு மூன்று இடத்தில் அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் சூட்டில் தகடு எங்கே ஓடியது என்று அந்த அட்டைதான் காட்டிக்கொடுக்கும்.

கழற்றுவது அரை மணி நேர வேலை. பேட்டரி முனையைக் கழற்றி, ஹெட்லைட் வயர்களைப் பிரித்து, முன்னால் இருக்கும் கீல் போல்ட்டுகளை எடுத்தால் பானெட் கையோடு வரும். தூக்க இரண்டு பேர் வேண்டும். கனம் அதிகமில்லை, அளவுதான் பெரிது, காற்றடித்தால் பாய்மரம். கீலில் எத்தனை வாசர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இடது, வலது என்று இரண்டு டப்பாவில் போட்டேன், பூனை ஒன்றைத் தட்டிவிட்டது. அதனால் எழுதியும் வையுங்கள்.

வெல்டிங்கைக் காரின் மேலேயே செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கழற்றினால் ஒரு மேசையில் மல்லாக்கப் போட்டு அடியிலும் வேலை செய்யலாம். பெட்ரோல் டேங்க் இருக்கும் காரின் பக்கத்தில் பொறி பறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பட்டியை எடுப்பதும் மூட்டைத் திறப்பதும்

பட்டியை மணல்தாள் போட்டுத் தேய்த்தெடுத்தால் வீடு முழுக்கத் தூள். ஹீட் கன்னைக் காட்டி இளக்கிச் சுரண்டினால் கட்டியாக வரும். மூக்கில் மாஸ்க் கட்டாயம். பழைய கார் என்றால் அடியில் ஈயம் கலந்த பெயிண்டும் இருக்கலாம். என் பானெட்டில் ஓரிடத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குக் கனமாகப் பட்டி இருந்தது. பட்டி முழுதும் போனபின் தெரிந்தது: வலது பக்கம் உதட்டை வழித்தாலும் அடிவேர் கொஞ்சம் மிச்சம், பொட்டுகள் பாதி உயிரோடு இருந்தன. இடது பக்கம் ஹெட்லைட் அருகே இரண்டு தகட்டையும் பிடிக்க ஒன்றுமேயில்லை. பட்டிதான் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. கீறல் விட்டதில் ஆச்சரியமில்லை. இந்த பானெட் ஒவ்வொரு தடவை மூடும்போதும் குலுங்கும், வெயிலில் விரியும். பட்டி அதோடு நெளியாது.

உங்கள் மூட்டு வழிக்கப்படாமல் முழுதாக இருந்து, வெறும் துரு மட்டும்தான் என்றால் முதலில் பீடிங்கை எடுங்கள். ஸ்க்ரூட்ரைவர் போட்டு நெம்பினால் மடங்கிவிடும், மடங்கியதை நிமிர்த்தினாலும் வெயிலில் தெரியும். ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரச் சீவலைச் சீவி, பின்முனையிலிருந்து விரல் விரலாகக் கிளப்புங்கள். பெயிண்ட் பிடித்திருந்தால் ஹேர் டிரையர் காட்டுங்கள். இடுக்கைச் சுத்தம் செய்ய உடைந்த ஹேக்ஸா பிளேடைவிட நல்ல ஆயுதம் கிடையாது. பொட்டுக்குப் பொட்டு நடுவில் விட்டு இழுங்கள். பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவி, ஊறவிட்டு, கழுவி, அன்றைக்கே சூடு காட்டி உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் நீங்கள் செய்ததெல்லாம் துருவுக்குத் தண்ணீர் ஊற்றிய கதை. உலர்ந்ததும் தண்ணி மாதிரி இளக்கிய எப்பாக்ஸி பிரைமரை இடுக்கின் ஓரத்தில் பிரஷால் தொட்டு வையுங்கள், தானே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஏறிய அதே வழியில் மருந்தும் ஏறுகிறது. பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

துரு தகட்டைத் தின்றிருந்தால் பிரித்தே ஆக வேண்டும். பொட்டு எங்கே என்று தெரியாவிட்டால் தட்டை எமரிக் கட்டையால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், குழிந்த பொட்டுகள் மட்டும் கறுப்பாக நிற்கும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரை வைத்து மேல் தகட்டை மட்டும் துளையுங்கள். சாதாரண டிரில் பிட்டின் முனை கூம்பாக இருப்பதால் அடித்தகட்டையும் ஓட்டை போட்டுவிடும். தூள் வெள்ளையிலிருந்து நிறம் மாறும்போது நிறுத்துங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கும் துரு பழுப்பாக வெளியே வரும், அதுதான் அடையாளம். பொட்டுகளின் இடைவெளியை முதலிலேயே அளந்து எழுதி வையுங்கள். திரும்ப வைக்கும்போது அதே இடைவெளி வேண்டும்.

உதட்டைத் திரும்பக் கட்டுவது

இங்கேதான் என் வேலையின் பெரும்பகுதி போனது.

தகடு: 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. சாதாரண மைல்டு ஸ்டீல். கால்வனைஸ் தகடு வேண்டாம், வெல்டிங்கில் துத்தநாகப் புகை கிளம்பும், ராத்திரி காய்ச்சல் வரும். அதை நீளவாக்கில் பட்டையாக வெட்டி ‘ட’ எழுத்தின் மூலை மாதிரி செங்கோணத்தில் மடித்தேன். ஒரு கை மட்கார்டோடு சேரும், ஒரு கை உதடாக நிற்கும். இதேபோல் பானெட் நடுத்தகட்டுக்கும் ஒன்று. உதடு எவ்வளவு உயரம்? ஊகிக்காதீர்கள். புது பீடிங் துண்டை முதலில் வாங்கி, அதன் வாய் எவ்வளவு ஆழம் என்று அளந்து, அதற்கு ஒரு மயிரிழை குறைவாக வையுங்கள். உதடு உயர்ந்தால் பீடிங் அடியில் உட்காராது, நடுவில் கறுப்பாக ஒரு நிழல் தெரியும்.

மட்கார்டின் முகடு நேர்க்கோடு கிடையாது. மேலும் கீழும் வளைகிறது, பக்கவாட்டிலும் வளைகிறது. மடித்த பட்டை அப்படி வளையாது. ஷ்ரிங்கர்-ஸ்ட்ரெச்சர் கருவி இருந்தால் உதட்டைச் சுருக்கியும் நீட்டியும் வளைவுக்குக் கொண்டுவரலாம். என்னிடம் அப்போது இல்லை. அப்பா செய்த மாதிரி செய்தேன்: கீழ்க்கையில் விரலுக்கு ஒரு ‘வி’ வெட்டு, கட்டையில் வைத்து வளைத்து, வெட்டைத் திரும்பப் பற்றவைத்து, அரம் போட்டு வழித்தல். நேரம் தின்னும் வேலை. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இடது பக்கத்துக்கு மட்டும் முடித்தேன். மொத்தக் கோட்டையும் ஒரே பட்டையாகச் செய்ய முயலாதீர்கள். மூன்று துண்டாகச் செய்தால் ஒவ்வொன்றையும் படிய வைக்கலாம்.

வெல்டிங்குக்கு முன்னால் ஒட்டும் முகங்களில் துத்தநாகம் கலந்த வெல்ட்-த்ரூ பிரைமர் (வெல்டிங் போடும் இடத்துக்கென்றே உள்ளது) அடியுங்கள். பொட்டு விழும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிட்டால் வெல்டிங் சுத்தமாக விழும், துப்பாது. ஒரு உதட்டில் 5 அல்லது 6 மி.மீ. ஓட்டைகளைப் போட்டு, கிளாம்பால் நெருக்கி, மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பியால் ஓட்டையை நிரப்ப வேண்டும். இரண்டு கை உள்ள ஸ்பாட் வெல்டர் வாடகைக்குக் கிடைத்தால் ஓட்டையே வேண்டாம், பழைய காரில் இருந்த அதே குழிப்பொட்டு விழும். நான் வலது பக்கத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

இடது பக்கம் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டையை மட்கார்டோடு சேர்க்கும் அடிக்கோட்டை ஒரே ஓட்டமாக ஒரு முழம் பற்றவைத்துவிட்டேன். அவசரம்தான், வேறென்ன. ஆறியதும் பானெட்டின் நடுத்தகடு எண்ணெய் டின்னின் அடிப்பாகம் போல ‘டொக், டொக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தது. வெல்டிங் போட்ட இடம் ஆறும்போது சுருங்கும், பக்கத்துத் தகடு போக இடமில்லாமல் தொங்கிவிடும். இதைச் சரி செய்ய வெல்டு கோட்டுக்கு நேர் அடியில் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி அந்தக் கோட்டை நீட்ட வேண்டும். தொங்கும் இடத்தில் தட்டினால் இன்னும் நீண்டு மோசமாகும். ஆள் தடுமாறும் இடம் இது. இரண்டு மாலை போனது.

ஆகவே: நடுவில் ஒரு புள்ளி, இரு முனையிலும் ஒவ்வொன்று, பிறகு அவற்றின் நடுவில், பிறகு அவற்றின் நடுவில். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வெறும் கை வைத்துத் தொட முடிகிற அளவு ஆறவிடுங்கள். ஈரத்துணி போட்டு அவசரமாக ஆற்ற வேண்டாம். அட்டை அச்சை அடிக்கடி வைத்துப் பாருங்கள். முக்கால்வாசி புள்ளி வைத்ததும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு பானெட்டைக் காரில் மாட்டி, இடைவெளிகளை டேப்பில் எழுதியதோடு ஒப்பிட்டுவிட்டு மறுபடி கழற்றுங்கள். சலிப்பான வேலை, ஆனால் முழுதும் பற்றவைத்த பிறகு கதவு இடிக்கிறது என்று தெரிந்தால் திரும்ப வழியில்லை.

வெளியே தெரியும் வெல்டை கிரைண்டரால் வழிக்கும்போது உதட்டின் அடியில் இருக்கும் மூலையை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மூலையில் லேசாகப் பட்டி தேவைப்படலாம், தப்பில்லை. தகட்டின் மேல் மெல்லிசாகப் போடும் பட்டிக்கு நான் எதிரி இல்லை. இரண்டு தகட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஈயம் போட்ட மூட்டு உள்ள காராக இருந்தால் இங்கே பாதை பிரிகிறது. பாடிக்குப் போடும் ஈயம் 70 பங்கு ஈயமும் 30 பங்கு தகரமும் கலந்தது. 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 250-ஐத் தாண்டும்வரை வெண்ணெய் பதத்தில் நிற்கும். அந்தப் பதத்தில் மாட்டுக்கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் தள்ளித் தள்ளிப் படிய வைப்பார்கள். அதை மணல்தாளால் தேய்க்கக் கூடாது, தூள் விஷம். அரத்தால்தான் சீவ வேண்டும். ஈயம் ஒட்டுவதற்காக முன்னால் தடவிய ஃபிளக்ஸைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் விட்டால் ஆறு மாதத்தில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம்.

ஆஸ்டின்-ஹீலி 100, 3000 கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் முன்னும் பின்னும் நடுத்தகடு அலுமினியம், மட்கார்டு இரும்பு. இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த மூட்டில் உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரைமரும் சீலன்டும் நடுவில் நிற்க வேண்டும், போல்ட்டுக்கு அடியிலும்கூட. டிரையம்ப் டி.ஆர். 2, டி.ஆர். 3 மாதிரி மட்கார்டை போல்ட் போட்டு, நடுவில் பீடிங்கைக் கடிக்க விட்ட கார்களில் வெல்டிங்கே வேண்டாம். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, பீடிங்கைச் செருகி, நடுவிலிருந்து இரு முனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் போதும். ஒரு போல்ட்டை முதலிலேயே இறுக்கினால் பீடிங் அங்கே புழுவாக நெளியும்.

சீலன்ட், பெயிண்ட், பீடிங்

முதலில் எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் சீலன்ட். வெறும் இரும்பின் மேல் சீலன்ட் போட்டால் அது துருவுக்குப் போர்வை. பாலியூரித்தேன் வகை வாங்குங்கள். பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அந்தப் புளிப்பு வாடை அசிட்டிக் ஆசிட், இரும்பைத் தின்னும். அதோடு சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் மீன்கண்ணாகக் குழியும்.

அடிப்பக்கம் தாராளமாகப் போட்டு, பிரஷால் இழுத்துவிடுங்கள். தொழிற்சாலையிலும் அழகு பார்த்துப் போடவில்லை. மேல்பக்கம் உதடுகள் சேரும் உச்சியில் மட்டும் நூல் கனத்துக்கு ஓட்டி, ஈர விரலால் வழித்துவிடுங்கள். அங்கே தடித்தால் பீடிங் ஏறாது. முன்முனையில், ஹெட்லைட் பக்கம், தண்ணீர் வழிய ஒரு தீப்பெட்டிக் குச்சி அகலத்துக்கு அடியில் திறந்து விட்டேன். எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது கஷ்டம். ஆனால் எப்படி அடைத்தாலும் தண்ணீர் எங்கேயாவது நுழையும், வெளியே போக வழி இருந்தால் பிழைத்தோம்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உதட்டின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் பெயிண்ட் அங்கே நிற்காது, முதலில் அரத்தால் அந்தக் கூரை மழுக்குங்கள். தேய்க்கும்போது விளிம்பில் மெஷின் வைக்காதீர்கள், ஒரு நொடியில் இரும்பு தெரிந்துவிடும். மாஸ்கிங் டேப்பை விளிம்பில் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்து விளிம்பைக் கையால் ஒரு தடவு. ஹார்டனர் கலக்கும் டூ-பேக் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற விஷம் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லையென்றால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம். நான் பானெட்டைப் பெயிண்ட் பூத்துக்குத்தான் அனுப்பினேன். போகும்போது இரண்டு உதட்டிலும் "இது வேண்டும், தேய்க்காதே" என்று மார்க்கரில் எழுதி அனுப்பினேன். மறுபடி யாராவது வழித்துவிடுவார்களோ என்ற பயம்.

பெயிண்ட் கைக்குக் காய்ந்ததும் பீடிங்கை மாட்டிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். உள்ளே முழுதும் இறுகியிருக்காது, பீடிங் அழுத்திய தடம் அப்படியே பதிந்துவிடும். நான் மூன்று வாரம் விட்டேன். மாட்டும் முன் பீடிங்கின் வாய்க்குள் மெழுகை மெல்லிசாகத் தடவுங்கள். ஹெட்லைட் முனையில் வைத்து, அதைச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நகருங்கள். உள்ளங்கையால் அழுத்துங்கள், ஏறாத இடத்தில் மட்டும் மெல்லிய மரத்துண்டை வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பசை எதுவும் வேண்டாம். அடுத்த முறை கழற்றப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

என் வலது பீடிங் பின்முனையில் 3 மி.மீ. குட்டையாக நின்றது. உதடு கட்டும்போது வளைவை நான் கொஞ்சம் அதிகப்படுத்திவிட்டேன் போலிருக்கிறது. இழுத்து நீட்ட முடியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசியாக பானெட்டைக் காரில் மாட்டிய பிறகு, அடியிலிருந்து மூட்டின் நீளத்துக்கும் கேவிட்டி மெழுகை (துரு பிடிக்காமல் இடுக்குக்குள் அடிப்பது) நீண்ட குழாய் முனையால் அடியுங்கள். வெயில் நாளாகப் பார்த்துச் செய்தால் தகடு சூடாக இருக்கும், மெழுகு இடுக்குக்குள் நன்றாக ஓடும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னாலும் ஒரு தடவை. இரண்டு நாளைக்கு அது பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருக்கும், டயரின் மேலும் தரையிலும் பழைய பேப்பர் விரித்து வையுங்கள்.